கிருஷ்ணன்கோவிலைத் தாண்டிப் பதினோரு நிமிடம்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர் மூங்கில்களை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது சக்ரபாணி மகளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "திங்கக்கெழம தங்கச்சாமி வாரான். வண்டிய அவன்கிட்ட குடுத்துருதேன்."

தங்கச்சாமி ராஜபாளையத்தில் பழைய வண்டிகளை உடைத்து இரும்பு வேறு, பித்தளை வேறு என்று பிரித்து விற்கிறவர். அவரிடம் போன வண்டி எதுவும் வண்டியாகத் திரும்பி வந்ததில்லை.

"உடைக்கவாப்பா? ஓட்டத் தெரிஞ்சவங்க யாருக்காவது குடுக்கலாம்ல?" என்றாள் காஞ்சனா.

"வாங்குதவன் வீட்டுப் பொம்பளையையும் இது நடுரோட்டுல நிறுத்தும். தெரிஞ்சுக்கிட்டே குடுக்கச் சொல்லுதியா?"

சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அது 1961-ஆம் வருடத்து அம்பாசிடர். கறுப்பு. ராஜபாளையத்துப் பஞ்சாலை முதலாளி ஒருவர் வாங்கியது. முதல் நாளிலிருந்து அதை ஓட்டியவர் சக்ரபாணி. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. பத்து வருடம் கழித்து முதலாளி வேறு வண்டி வாங்கியபோது, பழகிய கையோடு போகட்டும் என்று பழையதை அவரிடமே விட்டுவிட்டார். அன்றிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் டாக்ஸி ஸ்டாண்டில் அது வாடகைக்கு நின்றது.

ஊரில் அதற்கு 'சக்ரபாணி வண்டி' என்றுதான் பெயர். ஐந்து மணிக்கு வரச் சொன்னால் நாலே முக்காலுக்குத் தெருமுனையில் நிற்கும். ஹாரன் அடிக்க மாட்டார். வீட்டுக்காரர்களாக எட்டிப் பார்த்து, "அட, வந்துட்டாரே" என்று சொல்ல வேண்டும். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். பிரசவத்துக்குப் போகிற பெண்களை அவர் வண்டியில்தான் ஏற்றுவார்கள். எந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும். உள்ளே படுத்திருப்பவளுக்குத் தெரியாது.

டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு எப்போதும் இருக்கும். தேதி, போன இடம், மீட்டர், ஊற்றிய பெட்ரோல், மாற்றிய சாமான். தீர்ந்த நோட்டுகளைக் கயிறு போட்டுக் கட்டிப் பரணில் வைத்திருந்தார். இருபத்திரண்டு வருடத்து நோட்டுகள்.

அவருடைய மனைவி பங்கஜவல்லி கூமாப்பட்டிப் பெண். விவசாயக் குடும்பம். அவளுக்கு வண்டி என்பது தொழுவத்தில் கட்டாத மாடு. வெள்ளிக்கிழமை காலையில் அவளே கழுவுவாள், துடைப்பாள். டிரைவர் கழுவினால் கண்ணாடி மட்டும்தான் சுத்தமாகும் என்பது அவள் கட்சி.

1991 ஆவணியில் அந்த வண்டி முதல்முறையாக நின்றது. உள்ளே மாப்பிள்ளை. ராஜபாளையத்துக்கு நாலு கிலோமீட்டர் இருந்தது. இரண்டு முறை விக்கல் மாதிரி இழுத்தது, நின்றது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டி மாப்பிள்ளையும் இறங்கித் தள்ளினார். கிளம்பவில்லை. சக்ரபாணி பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்பைத் தட்டினார், காயில் வயரை அசைத்தார், பாயிண்ட்டைத் துடைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியாக, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார். டாஷ்போர்டில் பெட்ரோல் முள் படுத்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. அதனால் டாங்க் மூடியைத் திறந்து, இடுப்பால் வண்டியை ஓர் ஆட்டு ஆட்டி, காது வைத்துக் கேட்பதுதான் வழி. உள்ளே தளும்பியது. மூடியைப் போட்டுவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தார். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

பாயிண்ட்டில்தான் கோளாறு, துடைத்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்தார்.

அடுத்த முறை காயில் என்று நினைத்தார். அதற்கு அடுத்த முறை பம்ப். எதைக் கடைசியாகத் தொட்டாரோ அதன் மேல் பழி விழுந்தது.

ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஐயாதுரைதான் அந்த வண்டிக்கு மெக்கானிக். வாடகை இல்லாத செவ்வாய், புதன்களில் சக்ரபாணி வண்டியைக் கொண்டுபோய் விடுவார். ஐயாதுரை இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பார். நிற்காது.

"அண்ணாச்சி, எங்கிட்ட வந்தா அது நல்ல புள்ளையா இருக்கு. நீங்க என்ன சொல்லி மெரட்டுதிய?" என்பார்.

ஆனாலும் சும்மா விடவில்லை. பம்பை மாற்றினார். காயில், கண்டென்சர் மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். கோடையில் பம்ப் மேல் ஈரச் சாக்கைச் சுற்றி அனுப்பினார். ஒருமுறை டாங்க்கையே இறக்கி அலசினார். இரண்டு வாரம் ஓடும். அப்புறம் நிற்கும்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருவண்ணாமலைக்கு ஆள் ஏற்றிப் பத்து நடை போவார். ஊரை ஒட்டிய மலை, நாலு கிலோமீட்டர்தான். நடைக்கு நடை டாங்க்கைத் திறந்து பெட்ரோல் பார்த்துக்கொள்வார். ஒரு நடையிலும் நின்றதில்லை. "பெருமாளப் பாக்கப் போகணும்னா மட்டும் ஓடுதுய்யா," என்று அவரே சொன்னார். ஸ்டாண்டில் அடுத்த வண்டிக்காரரான பால்ச்சாமி அதைப் பிடித்துக்கொண்டார். "அப்ப மத்த ஊருக்கெல்லாம் தள்ளுறதுக்கு நாலு ஆளச் சேத்து ஏத்திக்கோங்க அண்ணாச்சி. சீட்டுதான் பெருசாச்சே."

சக்ரபாணி சிரித்தார். ஆனால் பிரசவத்துக்குக் கூப்பிட்டவர்களைப் பால்ச்சாமியிடம் அனுப்பத் தொடங்கினார். எதிர்வீட்டு இசக்கியம்மாளின் மருமகளுக்கு வலி கண்ட அன்றும் அதைத்தான் செய்தார். இசக்கியம்மாள் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

1993 ஜூன். ஒரு சனிக்கிழமை காலையில் பங்கஜவல்லி வாசல் தெளிக்கப் போனவள் குழாயடியில் விழுந்தாள். வலது கை, வலது கால் அசையவில்லை. பேச்சு குழறியது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பால்ச்சாமியின் வண்டி திருநெல்வேலி போயிருந்தது. அன்று மாலை ஒரு கல்யாண வாடகை இருந்ததால் சக்ரபாணி வண்டியில் முந்தின இரவே டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டிருந்தார். இசக்கியம்மாள் பின்சீட்டில் ஏறி, பங்கஜவல்லியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியதும் வண்டி விக்கியது. நின்றது.

அன்று இரவு மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, பழக்கத்தில், அவர் நோட்டை எடுத்து எழுதினார்: '7.52 நின்றது. 8.03 கிளம்பியது.' அதற்குப் பிறகு அந்த நோட்டில் எழுத்து இல்லை.

பங்கஜவல்லி திங்கட்கிழமை இறந்தாள். தலைக்குள் பெரிய ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, வெடித்த நிமிடமே இங்கே இருந்திருந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். காஞ்சனா கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். அவளும் அதைக் கேட்டாள். அப்பாவிடம் திரும்பவும் சொன்னாள்.

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவாவ," என்றார் சக்ரபாணி. "பதினோரு நிமிஷம்மா. ரெண்டு வருசமா நிக்கிற வண்டி. தெரிஞ்சும் அதுல ஏத்துனேன்."

மதுரையிலிருந்து அம்மாவின் உடலோடு வேறு வண்டியில் வந்தார்கள். கறுப்பு வண்டியை ஐயாதுரை போய் எடுத்து வந்து சந்து முனையில் நிறுத்தினார். சக்ரபாணி அதன் பக்கம் போகவே இல்லை.

காஞ்சனா ஒரே மகள். கிருஷ்ணன்கோவிலில் என்ஜினீயரிங் படித்து, கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் செய்யும் ஆலை ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தாள். தண்ணீர் எடுக்கவில்லை என்று திரும்பி வருகிற பம்புகளைப் பார்ப்பது அவள் வேலை. பதினாறு நாளும் வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்தாள், பாய் விரித்தாள், சொன்னதையே சொன்னாள். அழச் சொன்னார்கள். அழுகை வரவில்லை.

அப்பா சொன்னதை அவள் இப்படி எடுத்துக்கொண்டாள். டாக்டர் வார்த்தை அவருக்கு ஆறுதல் இல்லை, ஏனென்றால் அது நோயைப் பற்றியது. அவர் மனதில் இருப்பது வண்டி. அது ஏன் நின்றது என்று தெரிந்துவிட்டால், தான் கவனிக்காமல் விட்டதல்ல என்று அவருக்கே விளங்கிவிடும். விளங்காமல் தங்கச்சாமி வந்து வண்டியை இழுத்துப் போனால், அப்பா இந்தச் சுவரைப் பார்த்தபடியே மிச்ச காலத்தையும் படுத்திருப்பார். திங்கட்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. அவளுக்கு லீவு ஞாயிறு வரை.

ஐயாதுரைக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் சாமான் பெட்டியோடு வந்தார். புதனும் வியாழனும் ஓட்டினார்கள். கூமாப்பட்டி வரை, திரும்பி ராஜபாளையம் வரை, மறுபடியும். நாளுக்கு அறுபது கிலோமீட்டர். நிற்கவில்லை.

"பாத்தியா தாயி? என்னைக் கண்டா இப்படித்தான்," என்றார் ஐயாதுரை. அலுப்பும் வெட்கமும் கலந்த குரல்.

வியாழன் மத்தியானம் அவள் நோட்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி நின்ற நாட்களில் சக்ரபாணி தேதிக்கு முன்னால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். இரண்டு வருடத்தில் முப்பத்து நாலு குறிகள். சூடா என்று பார்த்தாள்: மார்கழியிலும் நின்றிருக்கிறது. மழையா: இல்லை. பாரமா: ஆளில்லாமல் வந்தபோதும் நின்றிருக்கிறது. பெட்ரோல் கணக்கைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. குறி விழுந்த நாட்களில் பெரும்பாலும் டாங்க் நிறைய இருந்திருக்கிறது. பெட்ரோல் குறைவாக இருந்து நின்றால் புரியும். நிறைய இருந்து ஏன் நிற்க வேண்டும்?

அப்புறம் ஒவ்வொரு தேதிக்கும் எதிரே கிழமையை எழுதினாள். வெள்ளி ஒன்பது. சனி பதினாறு. ஞாயிறு எட்டு. திங்கள் ஒன்று. செவ்வாய், புதன், வியாழன், ஒன்றுகூட இல்லை.

என்ஜினுக்குக் கிழமை தெரியாது. கிழமை பார்ப்பது மனிதர்கள்தான்.

"அப்பா, வெள்ளிக்கெழம வண்டிக்கு என்ன செய்வீங்க?"

"நான் என்னத்தச் செய்யப்போறேன்? ஒங்கம்மாதான் கழுவுவா," என்றார் அவர், திரும்பாமல்.

தண்ணீர். அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான். கழுவும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஈரம் போயிருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை ஈரம் ஞாயிற்றுக்கிழமை வரை எப்படி நிற்கும்? ஊகித்துக்கொண்டிருப்பதைவிட, அம்மா செய்தது அத்தனையையும் அப்படியே திருப்பிச் செய்து பார்ப்பது நல்லது என்று முடிவு செய்தாள். ஆலையில் அதுதான் முறை. கோளாறு வந்த நிலைமையை முதலில் திரும்ப உண்டாக்க வேண்டும்.

அம்மா என்ன செய்தாள் என்பது அவளுக்கு முழுதாகத் தெரியாது. எதிர்வீட்டு இசக்கியம்மாளுக்குத் தெரியும். இருபது வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் நின்று பேசிக்கொண்டே பார்த்தவள்.

"ரெண்டு வாளித் தண்ணி. பழைய வேட்டிய வச்சித் தொடைப்பா. பொறவு சந்தனம் ஒரச்சிப் பொட்டு. அதுக்கு மேல குங்குமம். எதுக்குக் கேக்க?"

"நாளைக்கு நான் செய்யப்போறேன் அத்தை."

இசக்கியம்மாள் மோவாயில் கை வைத்தாள். "ஏட்டி, ஒனக்கு என்ன பிடிச்சிருக்கு? காரியம் முடிஞ்சி மூணு நாளு ஆவல, வருசம் திரும்பாத வீட்டுல வண்டிக்குப் பொட்டா? பாக்கவ என்ன சொல்லுவாவ?"

"பூசைக்கு இல்ல அத்தை. சோதனைக்கு."

"பெருமாள் நம்மளச் சோதிச்சது போதாதாக்கும்?"

ஆனாலும் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு இசக்கியம்மாள் தன் வாசலில் வந்து நின்றாள். காஞ்சனா இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினாள். துடைத்தாள். சந்தனக் கல்லை எடுத்தபோது அதில் அம்மா கடைசியாக உரைத்தது காய்ந்து ஒரு கோடாக இருந்தது. அதைக் கழுவவில்லை. அதன் மேலேயே தண்ணீர் விட்டு உரைத்தாள்.

"அம்புட்டு எடுக்காதடி. ஒங்கம்மா தொட்டு வைப்பா, அள்ளி அப்ப மாட்டா. ஆங், அப்படி. விரல வச்சி ஒரு அமுக்கு அமுக்குவா, ஒட்டணும்ல?"

பானெட்டில் ஒன்று. விளக்குகளில் இரண்டு. ஸ்டியரிங்கில் ஒன்று. சக்கரங்களில் நாலு.

"அம்புட்டுத்தானே?"

"எட்டுல எங்க நிறுத்துவா? ஒம்பதாவது அந்தப் பெட்ரோல் ஊத்துற மூடிக்கு. அது இப்ப ரெண்டு வருசமாத்தான்."

காஞ்சனாவின் விரல் சந்தனக் கிண்ணத்திலேயே நின்றது. பின்பக்க மட்கார்டில், வெளியே தெரிகிற மாதிரி, வெள்ளி நிறத்தில் பூட்டு வைத்த மூடி. நடுவில் பழைய சந்தனம் காய்ந்து, வெடித்து, ஒரு காசு அகலத்துக்குப் பழுப்பாக ஏறியிருந்தது. அவள் அதைச் சுரண்டவில்லை. அம்மா வைத்த மாதிரியே, அதன் மேலேயே ஈரச் சந்தனத்தை வைத்து விரலால் ஓர் அமுக்கு அமுக்கினாள்.

ஐயாதுரை வந்ததும் முதலில் பெட்ரோல் பங்க்குக்குப் போய் டாங்க்கை நிரப்பினார்கள். மூடியை அவளே திறந்து, பொட்டின் மேல் கை படாமல் அவளே மூடினாள். ராஜபாளையம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பதினேழாவது கிலோமீட்டரில், தென்னந்தோப்பு ஒன்றின் ஓரத்தில், வண்டி இரண்டு தடவை விக்கியது. நின்றது.

ஐயாதுரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடத்தில் அவர் கையில் அது நின்றது இதுதான் முதல்முறை.

"நின்னுட்டுது தாயி," என்றார், குழந்தை பிறந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. கதவைத் திறந்து பானெட் பக்கம் ஓடினார்.

"மாமா, எதையும் தொடாதீங்க. கையக் கட்டிக்கிட்டு இங்க வந்து நில்லுங்க."

அவள் சேலை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினாள். அதை மூடியின் விளிம்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் மூடியைக் கால் சுற்றுத் திருகினாள். 'உஸ்' என்றது.

"ஆவி அடிக்கி," என்றார் ஐயாதுரை. "அது எப்பவும் அடிக்கிறதுதான்."

"நூலப் பாருங்க மாமா."

நூல் வெளியே பறக்கவில்லை. விளிம்பில் ஒட்டி, இடுக்குக்குள் இழுபட்டுக்கொண்டிருந்தது. ஆவி வெளியே வரவில்லை. காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மூடியை எடுத்து, சந்தனத்தைச் சேலையில் குத்தியிருந்த ஊக்கால் நெம்பினாள். அடியில் ஊசிமுனைத் துவாரம் ஒன்று, உள்ளே வரை ஈரச் சந்தனம் இறங்கி அடைபட்டிருந்தது. டாங்க்கிலிருந்து பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக வைத்த துவாரம். அது அடைபட்டால் டாங்க் பெட்ரோலை விடாது. பம்ப் இழுத்துப் பார்த்துவிட்டுத் தோற்றுப்போகும். டாங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்று கொஞ்சம்தான், அதனால் சீக்கிரம் தோற்கும். வெள்ளிக்கிழமை வைத்த ஈரச் சந்தனம் திங்கட்கிழமைக்குள் காய்ந்து வெடித்துவிடும். வெடிப்பு வழியே காற்று போகும். செவ்வாய்க்கிழமை ஐயாதுரையிடம் போகிற வண்டி நல்ல பிள்ளையாக ஓடும். ஒவ்வொரு தடவையும் வண்டியைக் கிளப்பியது பம்பும் அல்ல, காயிலும் அல்ல. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க சக்ரபாணி மூடியைத் திறந்ததுதான்.

ஐயாதுரை ரோட்டோரத்து மைல்கல்லில் உட்கார்ந்தார். "பம்ப மாத்துனேன். காயில மாத்துனேன். டாங்க எறக்கி அலசுனேன். மூடிய மட்டும் கழத்திப் பத்திரமா சைடுல வச்சேன்." தலையில் அடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தணித்துக் கேட்டார்: "அண்ணாச்சிகிட்ட இதச் சொல்லவா போற?"

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கோளாறு கிடைத்தால் அப்பா எழுந்துவிடுவார் என்று நினைத்துத்தான் இறங்கினாள். கிடைத்தது இது. அப்பா மேல் இருந்ததை எடுத்து அம்மா மேல் வைப்பதா?

"பம்புன்னு சொல்லிருவோம்," என்றார் ஐயாதுரை. "பம்பு வாய் தொறந்து மறுக்கவா போவுது?"

சனிக்கிழமை முழுவதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஐயாதுரை தன் கடையிலிருந்து ஒரு பழைய பம்பைக் கொடுத்துவிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

"கண்டுபிடிச்சாச்சுப்பா. பம்ப் வால்வு. சூடு ஏறினா ஒட்டிக்குது. யாருக்கும் தெரியாது, பிரிச்சாத்தான் தெரியும்."

சக்ரபாணி எழுந்து உட்கார்ந்தார். பம்பைக் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்து, தரையில் வைத்தார்.

"சூட்டுல ஒட்டுற வால்வு காலைல எட்டு மணிக்குள்ள ஒட்டுமா? அன்னைக்கு மழை மூட்டம் வேற." மகள் முகத்தைப் பார்த்தார். "இது நம்ம வண்டிப் பம்பே இல்ல. முப்பது வருசம் ஓட்டுனவன்கிட்ட சொல்லுதியே. என்னத்த மறைக்க?"

அவளுக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை. வெளியே போய் மூடியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். சுத்தம் செய்த துவாரத்தைக் காட்டினாள். அதிலிருந்து எடுத்ததை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள். அதையும் பிரித்துக் காட்டினாள். விளக்கம் சொல்லத் தொடங்குவதற்கு முன்னாலேயே அவர் மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துவாரம் வழியாகப் பார்த்தார். பிறகு காகிதத்தை முகர்ந்தார்.

காஞ்சனா காத்திருந்தாள். ஆலையில் ஒரு பம்ப் கடைசிச் சோதனையில் இருக்கும்போதுகூட அவள் அப்படி நின்றதில்லை.

"ஏ கிறுக்கச்சி!" என்று மூடியைப் பார்த்துத் திடீரென்று சத்தம் போட்டார் சக்ரபாணி. "வைக்கதுக்கு வேற எடமே கெடக்கலையாட்டி ஒனக்கு?"

எதிர்வீட்டு வாசலில் இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள். அந்த வீட்டில் இருபது நாளாக அவர் குரல் தெருவுக்குக் கேட்டதில்லை.

"இந்த மூடி வந்த அன்னைக்குக் கேட்டா," என்றார் மகளிடம். "யாரோ பெட்ரோல உறிஞ்சிட்டான்னு பூட்டு வச்சது வாங்கிட்டு வந்தேன். இது என்னதுன்னா. வண்டிக்கு வாய், இது வழியாத்தான் அது சாப்பிடுதுன்னேன், சும்மா வெளையாட்டுக்கு. புதுசா வந்திருக்கு, அதுவும் வாயி, பொட்டு இல்லாம இருக்கலாமான்னு உள்ள ஓடிச் சந்தனம் எடுத்துட்டு வந்தா. வெள்ளிக்கெழம அன்னைக்கு. நான் சிரிச்சிட்டு நின்னேன்." அவர் இப்போதும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. "ஒருக்கா வச்சிட்டா அவ விடமாட்டா. கூமாப்பட்டிக்காரி."

"அப்பா, அம்மா மேல தப்புன்னு நான் சொல்ல வரல."

"தப்பா?" அவருக்கு அந்த வார்த்தையே புரியாத மாதிரி இருந்தது. "அவ என்னட்டி தப்பு பண்ணா? வண்டி நல்லா ஓடணும்னு வச்சா. அதுல என்ன தப்பு இருக்கு?"

"நீங்களும் நல்லா ஓடணும்னுதானப்பா பம்ப மாத்துனீங்க, டாங்க எறக்கினீங்க. அன்னைக்கு அம்மாவ அதுல ஏத்துனதும் அதுக்குத்தானே? அவளுக்குத் தப்பு இல்லன்னா ஒங்களுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?"

சக்ரபாணி மூடியை மடியில் வைத்து, பெருவிரலால் அதன் நடுவைத் தடவிக்கொண்டே இருந்தார். காஞ்சனா அடுப்படிக்குப் போனாள். அரிசி களைந்தாள். தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் அவளுக்கு அழுகை வந்தது. அரிசியைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து, நேரம் பார்க்காமல் அழுதாள்.

மத்தியானம் சாப்பிடும்போது அவர் சொன்னார்: "ஐயாதுரையப் பாத்து அந்த மூடியில அடிப்பக்கமா, ஓரத்துல, இன்னொரு ஓட்டை போடச் சொல்லணும். பொட்டு நடுவுல அங்கேயே இருக்கட்டும். தங்கச்சாமிகிட்டயும் அவனே போய் வர வேண்டாம்னு சொல்லிரட்டும். நான் சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பான்."

சாயங்காலம் அவள் மதுரை வழியாகக் கோயம்புத்தூர் போக வேண்டும். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது சந்து முனையில் வண்டியின் கதவு திறந்திருந்தது. சக்ரபாணி உள்ளே உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். ஐயாதுரை ஓட்டியதில் அது மாறியிருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு நிமிடம்தான். அவளை இறக்கிவிட்டு, எதிரே ஸ்டாண்டில் தன் பழைய இடத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். பால்ச்சாமி தன் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். அன்று கேலி எதுவும் வரவில்லை.

"வந்துட்டியளா அண்ணாச்சி," என்றார்.

"வந்துட்டேன்லே."

மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டிரைவர் இன்னும் ஏறவில்லை. காஞ்சனா பார்த்துக்கொண்டிருந்தாள். வயதான ஓர் அம்மாளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஸ்டாண்டுக்கு வந்தார். வந்தவர் பால்ச்சாமியின் வண்டியைப் பார்த்தார், கறுப்பு வண்டியைப் பார்த்தார்.

"ராஜபாளையம் போகணும். அம்மாவுக்கு உக்கார ஏலாது, படுத்துத்தான் வரணும். ஒங்க வண்டி ரோட்டுல நின்னுரும்னு சொல்லுதாவளே அண்ணாச்சி?"

"நின்னுக்கிட்டுத்தான் இருந்திச்சு," என்றார் சக்ரபாணி. "இப்ப நிக்காது." இறங்கி வந்து பின்கதவைத் திறந்து, சீட்டைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார். "தலைமாட்டுக்கு ஏதாச்சும் வச்சிருக்கியளா? மெதுவா. மொதல்ல அம்மாவ ஏத்துங்க."